வெடிப்பைப் படம் எடுத்த வாடகைக்காரர்

எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டைப் போட்டோ எடுத்தால் எல்லோரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நிற்பார்கள். சுவர் வெடிப்பைப் போட்டோ எடுத்தால் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து வீடுகளை மூடிய பிறகு வந்த பழக்கம் அது. அதற்குப் பிந்திய மழைக்காலங்களில் அதிகாரிகள் எங்கள் லயங்களுக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்தார்கள். வெடிப்பின் மேல் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்தார்கள். ஒன்றும் பேசாமல் போனார்கள். கொஞ்ச நாளில், இனி இங்கே இருக்கக்கூடாது என்று கடிதம் வந்தது. எங்கள் லயத்துக்கும் அப்படித்தான் வந்தது. பாடசாலை மண்டபமொன்றில் நெடுநாள் பாய் விரித்துக் கிடந்த பிறகு, ஹல்துமுல்லைக்குப் போகும் வழியில் அரசாங்கம் கட்டிய ஒரு புது வீடு எங்களுக்குக் கிடைத்தது.

ஆகவே, முன்னறைக்கு வாடகைக்கு வந்த மனிதர் வந்த அன்றே போனை எடுத்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த வெடிப்பைப் படம் எடுத்ததை அம்மா பார்த்துவிட்டபோது, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

வாடகைக்கு விடும் யோசனை மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர் பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தார். டவுனில் இருப்பவருக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மாமாவின் நம்பிக்கையும் அதுதான். "முன் ரூம் சும்மாதானே கெடக்கு மச்சான். பயலோட பஸ்ஸுக்காச்சும் ஆகும்ல" என்று சொல்லி, ஆளையும் அவரே பிடித்துக் கொடுத்தார். மட்டக்களப்புப் பக்கத்து இளைஞர். ஹல்துமுல்லையில் ஏதோ ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்து வந்திருந்தார். தோட்டத்தில் கிளாக்கர் என்றால் சம்பளப் பதிவில் பெயர் வெட்டுகிற ஆள். எந்தக் கந்தோர், அங்கே என்ன எழுதுகிறார் என்று கேட்க அப்பாவுக்குத் துணிவு வரவில்லை. நாங்களும் அவரைக் கிளாக்கர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

கிளாக்கர் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. ஒரு தாளை வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்து எழுதினார். அப்பா என்னை உள்ளே அனுப்பினார். நான் அப்போது நான்காம் வகுப்பு. வீட்டில் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோய் வைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஒப்பித்தேன்: ஜன்னல், கொளுக்கி இல்லை. பல்பு, எரிகிறது. கதவு, அடிப்பக்கம் உப்பியுள்ளது. சுவரில் வெடிப்பு, ஓரடி நீளம்.

"அளந்தே போட்டானா?" என்றார் அப்பா. காலையில் 'தம்பி' என்று மரியாதையாகக் கூப்பிடப்பட்ட கிளாக்கர், சாயங்காலத்துக்குள் 'அவன்' ஆகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் விசாரணை தொடங்கியது. கிளாக்கர் வெளியே தண்ணீர்ப் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"சாவி குடுத்தன்னைக்கு மைக்ல என்ன சொன்னாங்க? வீட்ட விக்கக்கூடாது, வாடகைக்கு உடக்கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?" என்று கேட்டார் அப்பா.

மேடையில் யாரோ அப்படிச் சொன்னது உண்மை. அது சட்டமா, பேச்சோடு பேச்சாக வந்ததா என்பதுதான் யாருக்கும் தெரியாது. மாமா சளைக்கவில்லை.

"அப்ப இவன் செக் பண்ண வந்த ஆளாத்தான் இருக்கணும் மச்சான். வாடகைக்கு வாற மாதிரி வந்து, யார் யாரு உடுறாங்கன்னு பாத்து எழுதிக் குடுக்கிறது. டவுன்ல இப்பிடி எவ்வளவு நடக்குது."

"ஆளக் கூட்டியாந்தது நீதானடா" என்றார் அம்மா.

"நல்ல சட்டை போட்டிருந்தான்க்கா."

மறுநாள் கிளாக்கர் வேலைக்குப் போனதும், மாமா கடையிலிருந்து கொண்டுவந்திருந்த சீமெந்தைக் குழைத்து அப்பா வெடிப்பைப் பூசினார். மேலே சுண்ணாம்பு அடித்தார். அதற்கும் மேல் ஒரு முருகன் காலண்டரைத் தொங்கவிட அம்மா ஆணி அடித்ததில், பக்கத்தில் சின்னதாக இன்னொரு வெடிப்பு விழுந்தது. அதையும் பூசினோம். வெடிப்பு போய்விட்டால் படம் செல்லாது என்பது அப்பாவின் கணக்கு.

சாயங்காலம் கிளாக்கர் வந்து லைட்டைப் போட்டார். காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். சுவரைத் தொட்டு, விரலில் ஒட்டிய ஈரச் சுண்ணாம்பை வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாக அப்பா அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை. அன்றிலிருந்து அவர் வெளியே போகும்போது அறைக்குப் பூட்டுப் போட்டார். அம்மா தேத்தண்ணி கொடுத்தால், முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கட்சி. இரண்டுமே மற்றது எதையோ மறைக்கிறது என்று நம்பின.

அடுத்த ஞாயிறு, மாமாவும் இருந்த நேரம் பார்த்து, கிளாக்கர் சில தாள்களோடு வந்து உட்கார்ந்தார். வாடகை ஒப்பந்தம், டைப் அடித்து, ஆளுக்கொரு பிரதி. அதோடு அந்த அறைப் பட்டியல். அதில் வெடிப்பின் படமும் ஒட்டியிருந்தது. அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் அம்மாவின் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டேன்.

"அண்ணன், நான் வரக்குள்ள அறை எப்பிடி இருந்திச்சு எண்டு ரெண்டு பேருக்கும் தெரியோணும். நாளைக்குப் போகக்குள்ள நான்தான் சுவரை உடைச்ச எண்டு நீங்க சொல்லப்படாதுதானே?"

"அதுக்கா போட்டோ எடுத்தீங்க?"

"ஓம். வேற என்னத்துக்கு?"

மாமா கூரையைப் பார்த்தார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போனார்.

"ஏன் அண்ணன், நீங்க என்னத்துக்கு அதப் பூசின?"

அப்பாவின் கண் ஒப்பந்தத் தாளுக்குப் போனது. ஆள் மேலிருந்த சந்தேகம் இறங்கித் தாளின் மேல் ஏறிக்கொண்டது போலிருந்தது. கிளாக்கர் ஒப்பந்தத்தை வாசிக்கத் தொடங்கினார். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை ஏற்கெனவே டைப் அடித்திருந்தார்.

"உறுதி இலக்கம் மட்டும் சொல்லுங்க அண்ணன்."

"உறுதின்னா?"

"வீட்டுப் பத்திரம். காணி உங்கட எண்டு எழுதின துண்டு."

"சாவி குடுத்தாங்க" என்றார் அப்பா. "பத்திரம் பொறகு வரும்னாங்க."

"அந்த எடத்த சும்மா உட்ருங்க தம்பி" என்றார் மாமா.

"விடேலாது. உரிமையாளர் எண்டு ஒப்பம் வெச்சிட்டு இலக்கம் இல்லாட்டி, நாளைக்கு ஆரும் கேட்டா அண்ணனுக்குத்தான் கரைச்சல்."

"அப்ப தாளே வேணாங்க. நாங்க என்ன, வாய்ப்பேச்ச மீறவா போறோம்?" என்றார் அப்பா. குரல் கெஞ்சலாக வந்தது.

கிளாக்கர் தலையை ஆட்டினார். "எங்கட வீட்டக் கடல் கொண்டுபோன நேரம், அது எங்கட எண்டு காட்ட ஒரு துண்டும் கையில இருக்கல்ல. அதுக்குப் பொறகு துண்டில்லாம நான் ஒரு இடத்திலயும் படுக்கிறல்ல அண்ணன். ஒப்பம் இல்லாட்டி நான் வேற இடம்தான் பாக்கோணும்." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

குசினி வாசலில் இருந்து அம்மா மெதுவாகச் சொன்னார்: "உரிமையாளர்னு போட்டு, ஒன்ன யாருடா உரிமையாளராக்கினதுன்னு கேட்டு வந்து புடுங்கிட்டா, மறுபடி மண்டபத்துக்கா போறது?"

அப்பா தாளை வாங்கி மடியில் வைத்து, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். உதடு அசைந்தது. முடிந்ததும் திரும்ப மேலே போய் இன்னொரு முறை வாசித்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.

தாளின் அடியில் இரண்டு கோடுகள் இருந்தன. இடப்பக்கம் உரிமையாளர். வலப்பக்கம் குடியிருப்பாளர். அப்பா வலப்பக்கக் கோட்டில் தன் பெயரை எழுத்தெழுத்தாக வைத்தார்.

"அப்பா, அது அவரு போடுற எடம்" என்றேன், தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

"தெரியும்டா."

"அய்யோ மச்சான்!" என்று மாமா தலையில் கை வைத்தார். கிளாக்கர் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். வேறு தாள் அடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவை வாங்கினார். மேலே டைப் அடித்திருந்த 'உரிமையாளர்' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு வெட்டினார். பிறகு அடியில், அப்பாவின் பெயருக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கிக்கொண்டு தன் பெயரையும் எழுதினார். மற்றப் பிரதியிலும் அப்படியே. இடப்பக்கக் கோடு இரண்டிலும் வெறுமையாகக் கிடந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். கிளாக்கர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தார். வேலையில் இடமாற்றம் கிடைத்து ஊருக்குப் போகும்வரை எங்களோடுதான் இருந்தார்.

அப்பா இடம் மாறிக் கையெழுத்து வைத்துவிட்டார், அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுத்தான் 'தெரியும்டா' என்று சமாளித்தார் என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். இப்போது எங்கள் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புகிறவன் நான். வீடு யாருடையது என்று கேட்கிற கட்டத்துக்கு வரும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. உறுதி இன்னும் வரவில்லை. அன்று அப்பா விரல் வைத்து இரண்டாம் முறை வாசித்தபோது தேடிக்கொண்டிருந்தது, பொய் சொல்லாமல் தன் பெயரை வைக்க ஓர் இடத்தை.