மர வேஷம்

மேக்கப் அறையில் பவுடர் டப்பாவைத் திறந்ததும் அதே பாழாய்ப்போன வாடை.

அந்த வாடை முதன்முதலில் மூக்கில் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில், பள்ளி கஃபட்டீரியாவில் தமிழ்ச் சங்கப் பொங்கல் நாடகம். நாடகம் போட்ட மாலதி ஆன்ட்டி என் முகத்தில் பவுடரை அப்பினார். “என்ன போட்டாலும் கறுப்பு தெரியுதே,” என்று எல்லார் முன்னாலும் உதட்டைச் சுழித்தார். இளவரசி வேஷம் அவர் மகளுக்குப் போனது. என்னை மரமாக நிறுத்தினார்.

இன்று அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் எல்லாரும் வெறுக்கும் பக்கத்து வீட்டுக்காரி நான்தான். அந்த உதட்டுச் சுழிப்புதான் எனக்குப் பேர் வாங்கித் தந்தது.

மேக்கப் முடிவதற்குள் ஆன்ட்டியே ஃபோன் பண்ணினார்.

“அந்தப் பக்கத்து வீட்டுக்காரியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருதுடி. இந்த ஆக்டிங் எல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?”

“மரமா நின்னப்ப உங்களையேதான் பாத்துட்டிருந்தேன், ஆன்ட்டி.”