சிவப்புக் கட்சி

எங்கள் அப்பாவைப்போல ஐஸ் ஹொக்கி தெரியாத ஒரு ஹொக்கி ரசிகரை நான் இன்றுவரை கண்டதில்லை. ரொறன்ரோ முழுதும் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்து பைத்தியமாய்ப் பார்த்த பெரிய அணியைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை. அவர் ரசிகராய் இருந்தது ஒரு பல்கலைக்கழக அணிக்கு. அந்த ஆட்டங்களைப் பார்க்க, விளையாடுகிற பொடியன்களின் தாய் தகப்பன்மாரும் காதலிகளும்தான் வருவார்கள். அப்படிப்பட்ட அணிக்காக அப்பா ஒரு குளிர்காலம் முழுவதும் தொண்டை கிழிய வாதாடினார். பிறகு ஒருநாள், குழாயைப் பூட்டியதுபோல நிறுத்திவிட்டார்.

ஆனால் கதை தொடங்கியது மாமாவில். மாமா அம்மாவின் தம்பி. மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டின் முன்னறைச் சோபாதான் அவருடைய கட்டில். நகரத்துக்குள் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த உணவகத்தின் குசினியில் அவருக்கு வேலை. ஒரு லீவு நாளில் குளிருக்கு ஒதுங்கப் பல்கலைக்கழகத்தின் ஹொக்கி அரங்குக்குள் நுழைந்தவர், உள்ளே நீலமும் வெள்ளையுமாகக் கொடிகள் தொங்கக் கண்டார். ஊரில் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் நிறமும் அதுதான். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களுக்கு இடையில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கிரிக்கெட் மட்சைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே ஒருவரும் ஆட்டத்துக்கு ரசிகராவதில்லை, நிறத்துக்குத்தான் ஆகிறார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை வருடமானாலும் கொடி பிடித்துக்கொண்டு வருவார்கள், தகரம் தட்டுவார்கள், எதிர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த மைத்துனரோடு ஒரு கிழமை கதைக்கமாட்டார்கள். யாராவது ஐம்பது ஓட்டம் அடித்துவிட்டால் வேலியைப் பாய்ந்து ஓடிப்போய் மைதானத்தின் நடுவிலேயே மாலை போடுவார்கள். மாமாவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். மாணவர்கள் நடத்திய இலவசப் பத்திரிகையைக் கிழமைதோறும் கொண்டுவந்து, கடைசிப் பக்கத்து ஹொக்கிச் செய்தியை எனக்கு வாசித்துக் காட்டுவார். எனக்கு மாமாவென்றால் உயிர்.

அது யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் போருக்குப் பயந்து வீடுவாசலைப் போட்டுவிட்டு இடம்பெயர்ந்த வருடம். அம்மாவின் கடைசித் தம்பி, எனக்குச் சின்ன மாமா, அங்கேதான் இருந்தார். அவர் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. அதே நீலப் பள்ளிக்கூடத்தின் கிரிக்கெட் அணியில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். எனக்கு அவரைப் படத்தில்தான் தெரியும்: வெள்ளைக் காற்சட்டை, பெரிய காது, சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். சனத்தோடு சனமாக வெளிக்கிட்டவர் எங்கே போய்ச் சேர்ந்தார், சேர்ந்தாரா என்பதே தெரியவில்லை. கொழும்பிலிருந்த பெரியம்மாவுக்கும் ஒரு தகவலும் இல்லை.

வீட்டில் தமிழ் வானொலி விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்தது. அம்மா வெங்காயம் வெட்டும்போதும் அதற்குக் காது கொடுத்தபடியே வெட்டுவார். மாமா வேலைக்குப் போவார், வருவார், சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். பத்திரிகை வருவது நின்றது. அம்மா கோப்பையில் போட்டுவைத்த சோறு அப்படியே காய்ந்து கிடக்கும்.

"தம்பி, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் படன்."

"பசிக்கேல்லை அக்கா."

இதுதான் எங்கள் வீட்டில் நடந்த முழு உரையாடலும். அப்பாவோ இயல்பிலேயே வாய் திறக்காதவர். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் வேலை, பஸ் மாறி மாறிப் போய்வரவேண்டும். வந்தால் சாப்பாடு, நித்திரை. விளையாட்டைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நண்டுக்காலை உடைத்துக்கொண்டு, சோபாவில் தெரிந்த முதுகைப் பார்த்துச் சொன்னார்:

"உங்கட நீலக்காரர் இந்த முறையும் தோத்துப்போச்சினமாம். உதுகளுக்கு ஒரு டீம், அதுக்கொரு கொடி."

முதுகு அசையவில்லை.

"மற்ற யூனிவர்சிட்டிப் பொடியள், அந்தச் சிவப்புச் சட்டைக்காரர், அவங்கள் விளையாடுறதெல்லோ விளையாட்டு. அவங்கட கோலி, அந்தக் கோல் காக்கிறவன், ஒரு பந்தை விடமாட்டான். காலில பட்டு அவுட்டானாலும் பரவாயில்லை எண்டு மறிச்சுக்கொண்டு நிக்கிறான்."

முதுகு கொஞ்சம் அசைந்தது. சுவரோடு பேசுவதுபோல மாமாவின் குரல் வந்தது.

"அத்தான், ஹொக்கியில காலில பட்டா அவுட் இல்லை."

"பின்னை?"

"காலால மறிக்கிறதுதான் அவன்ர வேலை. அதுக்குத்தானே காலில அவ்வளவு மொத்தமாக் கட்டியிருக்கிறான்."

"நீர் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். சிவப்புக்காரன் மறிச்சா அது மறிப்பு. நீலக்காரன் மறிச்சா அவுட்தான்."

மாமா எழும்பி உட்கார்ந்தார். தலைமயிர் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. "ஆர் உங்களுக்கு உந்தப் பேய்க்கதையைச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டு மேசைக்கு வந்தவரை, அப்பா சோற்றுக்கு மேலால் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த நண்டுக்காலை எடுத்தார்.

அன்று தொடங்கியது சனிக்கிழமைச் சண்டை. பத்திரிகை மறுபடி வரத் தொடங்கியது. மாமா படித்துப் போட்டதை அப்பா மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார். பஸ்ஸில் உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பார் என்று அவரோடு வேலைசெய்த அங்கிள் ஒருவர் சொல்லிச் சிரித்தார். அப்பா எந்தக் கட்சியோ நானும் அந்தக் கட்சி என்பதால், ஒரு ஆட்டமும் பார்க்காமலே நான் சிவப்பானேன். அதோடு எங்கள் கட்சியின் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. ஹொக்கி விதிகளை எங்கள் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீராய் ஒப்பிப்பார்கள், அதைக் கேட்டுவந்து அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். கோலியோடு சேர்த்து ஆறு பேர்தான் ஐஸில் நிற்பார்கள் என்று வெள்ளிக்கிழமை படித்துப் படித்துச் சொல்லிக்கொடுப்பேன். "ஓம் பிள்ளை, ஆறு பேர்" என்பார். மறுநாள் மேசையில் இருந்ததும், "எங்கட பதினொரு பேரும் இறங்கினாங்கள் எண்டால்..." என்று தொடங்குவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துச் சோறு புரைக்கேறும்.

அம்மா இந்தச் சண்டையை ஒருநாளும் தடுத்ததில்லை. அகப்பையோடு வந்து மாமாவுக்குப் பின்னால் நிற்பார். நீல அணியின் தற்காப்பைப் பற்றி மாமா கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போது அவருடைய கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை சோறு விழும். மாமா பார்க்காமலே குழைத்து அதையும் தின்றுவிடுவார்.

தை மாதத்தில் நீலமும் சிவப்பும் மோதுகிற ஆட்டம் வந்தது. "கதைச்சு என்ன, நேரில போய்ப் பாப்பம்" என்றார் அப்பா. வீடு பெரிய மட்சுக்குத் தயாரானது. மாமா கொடிக்குத் துணி தேட, அம்மா பெட்டியிலிருந்து ஒரு நீல வொயில் சேலையை எடுத்து நடுவால் கிழித்துக் கொடுத்தார். ஒருநாள்கூட உடுத்தாத சேலை. நானும் மாமாவும் நிலத்தில் குந்தியிருந்து கிரேப் தாளில் நீலப் பூக்கள் செய்து மாலை கட்டினோம். எதிர்க்கட்சிக்கு வேலை செய்கிறேனே என்று எனக்கு உறுத்தல்தான், ஆனால் தாள் மடிக்கிற ஆசை பெரிதாயிருந்தது. அம்மா கட்லட்டும் பற்றீஸும் சுட்டுப் பிளாஸ்கில் தேத்தண்ணீரும் ஊற்றிக்கொண்டார்.

அரங்கில் ஆட்களைவிடக் கதிரைகள் அதிகம். மாமா சேலைக் கொடியை விரித்துப் பிஸ்கட் தகரத்தைத் தட்டத் தொடங்கியதும் எல்லாத் தலைகளும் திரும்பின. யார் பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு பெரிய உறவுக்கூட்டம் என்று பார்த்திருப்பார்கள். நான் முகத்தைத் தொப்பிக்குள் இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் போனபின், நீல அணியின் ஒரு நெட்டையன் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய்க் கோல் அடித்தான். எனக்குப் பக்கத்தில் அப்பா எழும்பி நின்று கைதட்டினார். நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அது அவையின்ர கோல்."

"அப்பிடியே?" என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி கதிரையில் இருந்தார்.

அவரை மேலும் திட்ட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மாமாவைக் காணவில்லை. பார்த்தால், கீழே ஐஸைச் சுற்றியிருந்த பலகைத் தடுப்பில் கதவுக் கொளுக்கியைத் தட்டித் திறந்துகொண்டு, மாலையோடு உள்ளே இறங்கியிருந்தார். இரண்டு எட்டு நல்லபடியாக வைத்தார். மூன்றாவதில் கால் வழுக்கி, இருந்தபடியே சறுக்கிக்கொண்டு போனார். மாலை மட்டும் ஐஸில் படாமல் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். விசில் ஊதியது. "ஐயோ, தம்பி" என்றார் அம்மா. அதற்குள் அப்பா படியிறங்கி ஓடினார். வேலைச் சப்பாத்தோடு ஐஸில் கால் வைத்தவர் விழுந்து, மாமாவையும் தாண்டி, நடுவில் போட்டிருந்த சிவப்புக் கோடுவரை போய்த்தான் நின்றார். அந்த ஆட்டத்தில் அதுவரை எங்கள் கட்சி காட்டிய ஒரே வேகம் அதுதான்.

நடுவர் வந்தார். அப்பா தவழ்ந்தபடி மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "சொறி சேர், மை பிரதர், குட் போய் சேர்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்த நெட்டையன் ஒரு கணம் மாலையைப் பார்த்தான், மாமாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, கோயிலில் குனிவதுபோலக் குனிந்தான். முன்பல் இரண்டு இல்லை. மாமா முழங்காலில் நின்று மாலையைப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள், சிவப்புப் பக்கத்துத் தாய் தகப்பன்மாரும்தான்.

அதற்காக அவர்களை உள்ளே இருக்க விடுவார்களா? இரண்டு பேர் வந்து பணிவாக முழங்கையைப் பிடித்து வெளி மண்டபத்துக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். நானும் அம்மாவும் சாப்பாட்டுக் கூடையோடு பின்னால் போனோம். மிச்ச ஆட்டம் பறிபோன கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அங்கே அழுதுகொண்டிருந்தவர் மாமா.

"அவன் முதல் அம்பது அடிக்கேக்க நான்தான் மாலை போடுவன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான், அத்தான்."

நீல நெட்டையனைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டதும்தான் அது சின்ன மாமா என்று விளங்கியது. அப்பா மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து, நனைந்த காற்சட்டையைத் தட்டிவிட்டார்.

"அம்பது அடிப்பான். நீயே போடுவாய். இப்ப இந்தக் கட்லட்டைச் சாப்பிடு."

மாமாவை எப்போதும் நீர் என்று மரியாதையாய்ச் சொல்லும் அப்பா, நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். வாசலில் நின்ற மனிதருக்கும் அம்மா பற்றீஸ் கொடுத்தார். கடைசியில் வென்றது சிவப்பு என்று அவர்தான் வந்து சொன்னார். எங்கள் கட்சி வென்றதை அங்கே ஒருவரும் கொண்டாடவில்லை.

மாசி மாதம் ஒரு பின்னேரம் கொழும்பிலிருந்து பெரியம்மா தொலைபேசி எடுத்தார். சின்ன மாமா கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனத்தோடு இருக்கிறாராம். காய்ச்சலாம், ஆனால் ஆள் இருக்கிறாராம். அம்மா ரிசீவரைப் பிடித்தபடியே குசினி நிலத்தில் இருந்துவிட்டார். மாமா போய் வானொலியை நிற்பாட்டினார். அப்போதுதான் வேலையால் வந்த அப்பா கோட்டோடு நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு குளியலறைக்குள் போய், வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி. மாமா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். நான் சண்டைக்குத் தயாராய்க் காத்திருந்தேன். அப்பா சொதி கேட்டார், குடித்தார், கைகழுவினார், படுக்கப் போய்விட்டார். பத்திரிகை மேசையில் அப்படியே கிடந்தது. அடுத்த கிழமையும் அப்படித்தான். "அப்பா, எங்கட டீம் கடைசிச் சுற்றுக்குப் போகப்போகுது" என்று போய்ச் சொன்னேன்.

"எந்த டீம் பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தோற்கிற நேரத்தில் விட்டுப்போகிற ரசிகர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெல்லுகிற நேரத்தில் விட்டுப்போகிற ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார். மாமாவிடம் போய் முறையிட்டேன். மாமா சிரிக்கவில்லை. "வா, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். அந்தக் கிழமை சிவப்பின் அரங்கில் மறுபடியும் நீலத்தோடு ஆட்டம்.

அங்கே போய் இருந்ததும் மாமா பைக்குள்ளிருந்து, போன ஆட்டத்துக்கு அப்பா கட்டிக்கொண்டு வந்த சிவப்பு மப்ளரை எடுத்துத் தன் கழுத்தில் கட்டினார். பிஸ்கட் தகரத்தை மடியில் வைத்தார். சிவப்பு கோலை நோக்கிப் போகும்போதெல்லாம் தகரம் அதிர்ந்தது. நீலம் கோல் அடித்தபோது அவர் எழும்பவே இல்லை. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

"மாமா, நீங்கள் நீலம்."

"இண்டைக்கு உன்ர அப்பாவின்ர கட்சி."

"அவர்தான் விட்டிட்டாரே."

மாமா மப்ளரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு தகரத்தைத் தட்டினார். பெரிய ஆம்பிளைகள் இரண்டு பேர், ஒருவருக்கும் ஒரு பக்கத்தில் உறுதியாய் நிற்கத் தெரியவில்லையே என்று எனக்கு மிகவும் கவலையாய் இருந்தது. எங்கள் வீட்டில் கடைசிவரை கட்சி மாறாமல் நின்றது நான் ஒருத்திதான் என்று அதன்பிறகு நெடுங்காலம் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.