மாமன் கொண்டுவந்த மிளகாய்

போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. போனேன். தலைவலியோடு திரும்பி வந்தேன்.

விஷயம் இதுதான். குன்றத்தூரில் எனக்குப் பக்கத்து வீடு கஸ்தூரி. அவள் பிள்ளை முரளி ஐ.டி.ஐ. முடித்தவன், தங்கமான பையன். பென்னலூர் பக்கம் ஸ்கூட்டருக்கு வயர் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன்னால் மெடிக்கல் டெஸ்ட். டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்திருக்கிறார். பக்கம் முழுக்கக் கலர் கலராய்ப் புள்ளிகள்; புள்ளிகளுக்குள் ஒரு நம்பர். “என்ன நம்பர்?” என்று கேட்டால், “நம்பரா? எங்க சார்?” என்றிருக்கிறான் முரளி.

சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரிந்து தெரியாதாம். சிவப்பு வயர் போக வேண்டிய இடத்தில் பச்சை வயரைச் சொருகினால் ஸ்கூட்டர் என்ன ஆவது? “லைன்ல போட முடியாது, பேக்கிங்ல வா” என்றார்கள். சம்பளம் அதே சம்பளம். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

முடிய விடுவார்களா? மெடிக்கல் ரூமிலிருந்து கிளம்பிய சேதி ஊருக்குள் போய்ச் சேரும்போது, “கஸ்தூரி மவனுக்குக் கண்ணு தெரியலியாம்” என்று ஆகிவிட்டது! கஸ்தூரி வேறு, “மாசமா இருக்கும்போது கிரகணத்தைப் பார்த்துட்டேங்க்கா... எல்லாம் நான் பண்ண பாவம்” என்று என்னிடம் ஒரே அழுகை. கிரகணத்துக்கும் வயருக்கும் என்னடி சம்பந்தம் என்றால் மூக்கைச் சிந்துகிறாள்.

முரளிக்கு மாமன் மகள் சுமதியைப் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடிப்பதென்ன — அவள் பிறந்த அன்றே முடிவான சம்பந்தம். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். அந்தக் கல்யாணத்தை நிறுத்தத்தான் சுமதியின் அப்பா ஏழுமலை, கஸ்தூரியின் கூடப்பிறந்த அண்ணன், மனைவி மல்லிகாவோடு வந்திறங்கினார்.

ஒன்று சொல்ல வேண்டும். சண்டை போட வந்தாலும் தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோடு வர மாட்டார் ஏழுமலை. “காலைல நானே பறிச்சேன். பச்சை மொளகா. உள்ள வை” என்று ஒரு மஞ்சள் பையைக் கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“தபார் கஸ்தூரி... கண்ணு சரியில்லாத பையனுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன். எங்க வம்சத்துல யாருக்காவது இந்த மாதிரி கீதா? இதெல்லாம் உன் புருஷன் வூட்டுக் கோளாறு!”

கஸ்தூரியின் கணவர் பாவம், வாயில்லாப் பூச்சி. தரையைப் பார்த்தார். முரளியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏழுமலை அண்ணே, ஆண்பிள்ளைக்கு இந்தக் குறை அப்பா வழியில் வராது, அம்மா வழியில்தான் வரும்” என்றேன். “அம்மாவுக்குக் கலரெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் பிள்ளைக்குக் கொடுப்பது அவள்தான். பெரும்பாலும் அவளுடைய அப்பாவுக்கோ, கூடப்பிறந்தவருக்கோ அது இருக்கும்.”

“இன்னாம்மா சொல்றே? எனக்கா? நான் பஸ் நம்பரை அங்கேர்ந்தே படிப்பேன்!”

ஜீன் என்றேன், குரோமோசோம் என்றேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துக் கஸ்தூரி அடுக்களையிலிருந்து முறத்தோடு வந்தாள். பையை அதில் கொட்டியிருந்தாள். “அண்ணா, பச்சை மொளகான்னு சொன்னியே... பாதி பழமா கீதே?”

முறத்தில் பச்சையும் செக்கச்செவேலென்ற பழமும் கலந்து கிடந்தன. ஏழுமலை குனிந்தார். ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எல்லாம் ஒண்ணாத்தானே கீது?” என்றார்.

“ஆமா மாமா, எனக்கும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றான் முரளி.

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். “இதுக்குத்தானே இந்த ஆளை நான் மொளகா பறிக்க வுடறதில்ல? கவனம் பத்தலைன்னு இத்தினி வருஷமா திட்டிக்கினு கீறேனே... அடப்பாவமே!”

மாமனும் மருமகனும் ஆளுக்கொரு மிளகாயோடு நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சுமதியை எந்தச் சீமையில் கட்டிக்கொடுத்தாலும் அவள் பிள்ளைக்கு இது வரலாம். முரளிக்கே கொடுத்தால் பெண் குழந்தைக்கும் வரலாம். இதுவாவது வெறும் கலர். சொந்தத்துக்குள்ளேயே கட்டும்போது இதைவிடப் பெரிய நோய்களும் இரண்டு பக்கமும் ஒளிந்திருந்து பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

ஏழுமலை மிளகாயை முறத்தில் போட்டார். “அப்ப என் பொண்ணை நான் யாருக்குத்தான் குடுக்கறது?” என்றார்.

மல்லிகா முறத்தை வாங்கிப் பழத்தைப் பொறுக்க ஆரம்பித்தாள். “உன்னைக் கட்டிக்கினு நான் குடும்பம் நடத்தலியா? என் பொண்ணும் நடத்துவா. அந்தம்மா சொல்ற மாரி டாக்டரைப் பாரு. அவரு வேணாம்னு சொல்லாத வரைக்கும் நீ வாயைத் தொறக்காதே.”

முரளி முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. எனக்கும் பரம திருப்தி. குன்றத்தூருக்கு எஸ்.டி.டி. பூத்தே வந்துவிட்ட இந்தத் தொண்ணூற்றொன்றில், பத்துப் பொருத்தம் பார்க்கும் ஒரு குடும்பத்தை டாக்டரிடம் போகச் சம்மதிக்க வைத்துவிட்டேனே!

நேற்று ஏழுமலையை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். “டாக்டரைப் பார்த்தாச்சா அண்ணே?”

“போவணும்மா. அதுக்கு ஒரு நல்ல நாள் குறிச்சுத் தரச் சொல்லி ஜோசியரைக் கேட்டுக்கீறேன்.”

அந்த ஜோசியரும் அவர்களுக்குச் சொந்தக்காரர்தானாம்!