பியாவிஸ்டொக்கில் ஒரு சபாரத்தினம்

படிக்க உலகத்தில் வேறு ஊரே இல்லாத மாதிரி, கம்சிகா பியாவிஸ்டொக்கைத்தான் பிடித்தாள். போலந்தின் கிழக்கு மூலையில், பெலாரஸ் எல்லைக்குக் கிட்ட இருக்கும் நகரம். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் மாஸ்டர்ஸ் கிடைத்துவிட்டது என்று மகள் துள்ளியபோது, லண்டன் ஃபாரஸ்ட் கேட் வீட்டில் தாய் செல்வமலர் "நல்லது பிள்ளை" என்று மட்டும் சொன்னாள்.

செல்வமலரின் தம்பி நிசாந்தன் செத்தது அந்த ஊர்ப் பக்கத்தில்தான். தொண்ணூறுகளில், களவாக ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் அவனை இலங்கையிலிருந்து மொஸ்கோ வழியாகக் கூட்டி வந்தான். லண்டனில் இருந்த செல்வமலரின் புருசன் சபாரத்தினத்தின் பாஸ்போட்டில் தம்பியின் படத்தை ஒட்டுவித்தது அவர்கள் இருவரும்தான். அந்த நாளில் நம் சனம் செய்யாததா? பொடியன் எல்லைக் காட்டுப் பனியில் விறைத்துப் போனான். உடலைக் கேட்டுப் போனால் பாஸ்போட் கதை வெளியே வந்து, சபாரத்தினத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பயந்து பயந்தே காலம் போய்விட்டது. மகளுக்கும் சொல்லவில்லை.

நவம்பர் பிறக்க அந்த ஊரார் கல்லறைகளில் விளக்கேற்றுவார்கள். கம்சிகாவும் வகுப்புப் பிள்ளைகளும் ஆளில்லாத கல்லறைகளைத் துப்புரவாக்கப் போனார்கள். அங்கிருந்தே போன் எடுத்தாள்.

"அம்மா, இங்க ஒரு கல்லில அப்பான்ர பேர் கிடக்கு. பிறந்த திகதியும் அதேதான்."

செல்வமலர் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

இருபது வருடம் கடந்துவிட்டதால், உறவினர் யாரும் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தக் கல்லறையை அகற்றிவிடுவார்கள் என்று மகள் விசாரித்துச் சொன்னாள்.

"என்ர மனுசன்தான் செத்தவர் எண்டு நீயே கையெழுத்துப் போடன். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் சபாரத்தினம்.

செல்வமலருக்குப் பொல்லாத கோபம் வந்தது. "நீங்கள் குத்துக்கல்லு மாதிரி முன்னால இருக்க, என்ர வாயால அதைச் சொல்லமாட்டன். அவன் இவ்வளவு காலம் உங்கட பேரில கிடந்தது காணும்."

"பிடிபட்டால் என்ர பிரிட்டிஷ் சிற்றிசன் போயிடும்."

"தெரியும். உங்களை விட ஏலாது. அவனை இன்னொருக்காத் துலைக்கவும் ஏலாது."

அன்றிரவு இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் கம்சிகா கல்லறை அலுவலகத்திலிருந்து வீடியோவில் வந்தாள். பக்கத்தில் ஒரு போலந்துப் பெண்மணி நின்றாள்.

"அம்மா, செத்தவர் உங்களுக்கு என்ன முறை எண்டு கேக்கிறா."

செல்வமலர் வாயைத் திறக்குமுன், சபாரத்தினம் அவள் கையிலிருந்த போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. சபாரத்தினம் நான். உயிரோட இருக்கிறன். அதுக்க கிடக்கிறது என்ர மச்சான் நிசாந்தன். அவன்ர பேரை எழுதச் சொல்லு."