வலது கன்னம்

நான் கல்லூரிப் பேருந்து ஓட்டத் தொடங்கி இருபத்து மூன்று வருடம் ஆகிறது. காலையில் திருமங்கலத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே மதுரைக்கு வருவேன். மாலையில் அவர்களை இறக்கிவிடத் தெற்கே போவேன். இதில் என் முகத்துக்கு என்ன ஆகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. சவரம் செய்யும்போது மட்டும் கண்ணாடி பார்க்கிற ஆள் நான்.

யோசிக்க வைத்தவர் கல்யாணத் தரகர். மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தெருவில் விசாரித்திருக்கிறார்கள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு வாதம் அடிச்சிருக்கான்னு கேக்குறாக. மொகம் ஒரு பக்கம் எறங்குன மாதிரி இருக்காம்."

கோபத்தோடு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். இடது கன்னம் என் வயதில் இருந்தது. வலது கன்னம் என் அப்பா வயதில் இருந்தது. கண்ணோரத்திலிருந்து தாடை வரை மடிப்பு மடிப்பாகச் சுருக்கம். மகளுக்கு மனசுக்குப் பிடித்துப்போன இடம். என் மூஞ்சியால் அது கெட்டுவிடக் கூடாதே. மனைவி அன்றே வாதத் தைலம் வாங்கிவந்து ஒரு வாரம் தேய் தேய் என்று தேய்த்தாள். கன்னம் எரிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கே.கே. நகரில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். "ஞாயிற்றுக்கிழமை பொண்ணு பாக்க வாராக. அதுக்குள்ள ஊசி போட்டு நேராக்கி விடுங்கம்மா" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், கன்னத்தை உப்பவைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒழுங்காகவே அசைந்தன. பிறகு என்ன வேலை, எந்த ரூட், எந்த நேரம் என்று கேட்டார்.

"இது வாதம் இல்ல, வெயில். காலைல வடக்க வந்தா கிழக்கு வெயில் வலது பக்கம். சாயங்காலம் தெக்க போனா மேக்கு வெயிலும் அதே பக்கம். டிரைவர் ஜன்னலும் அங்கதான இருக்கு?"

என் வண்டி, என் ரோடு. எனக்குத் தெரியாததை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட்டார். வயதும் பீடியும்கூடச் சுருக்கம் தரும், ஆனால் வெயில்தான் பெரிய எதிரி என்றார். போடாக்ஸ் ஊசி நெற்றிக்கும் கண்ணோரத்துக்கும் உதவும், சில மாதங்கள்தான் நிற்கும். பள்ளத்தை நிரப்ப ஃபில்லர் இருக்கிறது. லேசர் செய்தால் கொஞ்ச நாள் வெயிலே ஆகாது. மறுநாளே வண்டி எடுக்கிறவனுக்கு இந்த அவசரம் வேண்டாம் என்று காலைக்குச் சன்ஸ்கிரீனும் இரவுக்கு ஒரு கிரீமும் மட்டும் எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகுமாம். நான் கெஞ்சியும் ஊசியை எடுக்காத அந்த மகராசியை இன்றும் மனசுக்குள் கும்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே முகத்தோடு உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், ஒரு வாய் காபிகூடக் குடிக்க மாட்டார்கள். மகள் வைத்த காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. வெயில் கதையை நான் சொல்லி முடித்த பிறகும் மாப்பிள்ளையின் அப்பா என் கன்னத்தையே பார்த்தபடி, "சரிதான்... நாளைக்கு ஒண்ணுன்னா?" என்று இழுத்தார்.

 மகள்தான் பேசினாள்.

"நாளைக்கு அப்பாவுக்கு வாதமே வந்தாலும் நான்தான் வந்து பாப்பேன் மாமா. அதுக்குச் சம்மதம்னா காபி குடிங்க. ஆறிப்போச்சுன்னா வேற போட்டுத் தாரேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு டம்ளரை எடுத்து, ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, ஆறின காபியை ஒரே மூச்சில் குடித்தார்.