மூன்று கார்டுக்கும் வார்னிஷ்

போன வாரம் பரணில் கயிறு தேடினேன். ஒரு பச்சைத் தகடு கையில் அகப்பட்டது. உள்ளங்கை நீளம்தான். கம்ப்யூட்டருக்குள் சொருகும் கார்டு. மேலே தேன் நிறத்தில் ஒரு மினுமினுப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருடம் கழித்தும் லேசாக வார்னிஷ் வாடை. சிரிப்பு வந்துவிட்டது. ஏணியில் நின்று தனியாகச் சிரித்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? இறங்கிவிட்டேன். உங்களிடம் சொல்லலாம்.

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். படிப்பு எட்டாவது. அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி வீடு, வீட்டுக்கு முன்னால் இரண்டு கடை. ஒன்று என்னுடையது. மற்றதில் என் மனைவி ராக்கம்மா ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, சாமி கும்பிட வந்தவர்களுக்குத் திரும்பிப் போக ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பாள்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கடல். உப்பு எதையும் விடாது. கதவுக் கீல், சைக்கிள் செயின், குடைக் கம்பி எல்லாவற்றையும் தின்னும். அதனால் காயில் கட்டி முடித்ததும் வார்னிஷில் முக்கி வெயிலில் காயவைப்போம். அந்தப் பழக்கத்தில் நான் வீட்டில் எதைக் கண்டாலும் வார்னிஷ் அடிப்பேன். ரேடியோவுக்கு அடித்தேன். காலிங் பெல்லுக்கு அடித்தேன். மாமனார் ஒருமுறை கழற்றி வைத்த செருப்பின் ஆணிக்கும் அடித்தேன். அவர் அபிராமத்துக்காரர், மிளகாய் விவசாயம். அப்படியே போட்டுக்கொண்டு போனார்.

ராக்கம்மாவின் தங்கை முனீஸ்வரி எங்களோடுதான் இருந்தாள். கம்ப்யூட்டர் படித்தவள். பின்னறையில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்து, வெளியூருக்கு டைப் அடித்து அனுப்புவாள். போன் லைனில் இன்டர்நெட் வந்தது. வந்த லைன் ஒன்று, சொருக ஓட்டை ஒன்று, அக்கா தங்கை இரண்டு பேர். இவள் பிடுங்கிச் சொருகுவாள், அவள் பிடுங்கிச் சொருகுவாள். காலையில் ஆரம்பித்தால் நான் காயில் சுற்று எண்ணிக்கையை மறந்துவிடுவேன். எண்ணூறா எழுநூறா என்று திரும்பப் பிரித்ததும் உண்டு.

முனீஸ்வரிதான் வழி சொன்னாள். ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். அங்கே ஓரமாகக் கிடந்த பழைய பெட்டி ஒன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஹார்டு டிஸ்க் போன பெட்டி. அதற்குள் மூன்று கார்டைச் சொருகினாள். ஒரு ஃபிளாப்பியைப் போட்டாள். அது கர் கர் என்று ஒரு நிமிடம் கத்திவிட்டு அடங்கியது. திரை எங்கே என்று கேட்டேன்.

"இதுக்கு மூஞ்சி வேணாம் மச்சான். ஒரு கார்டுல லைன் வரும், மத்த ரெண்டுல கடைக்கும் ரூமுக்கும் பிரிஞ்சு போகும். நம்ம கம்மா மடை மாதிரி. எங்க அய்யாவுக்கே வெளங்கும்."

அன்றோடு சண்டை நின்றது. வீட்டில் ஒரு சத்தம் குறைந்தால் என்னமோ போலத்தான் இருக்கிறது. அதுவும் பழகியது.

பிறகு வரன் வந்தது. கமுதிப் பக்கத்துக் குடும்பம். பையன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. லீவு கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரிலேயே பெண் பார்த்துப் பேசி முடித்துவிடலாம் என்று ராக்கம்மா ஏற்பாடு செய்தாள். முனீஸ்வரி ஒன்றுதான் கேட்டாள். எல்லோரும் அக்காவின் முன்கடையில் பார்த்துக்கொள்ளட்டும். அதன் பிறகு அவள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுவாள், பேசிவிட்டுத்தான் சரி என்பாள். ராக்கம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மாமனார்தான், பேசட்டுமே என்றார்.

அவளுக்கு இருந்தது அந்த ஒரு கதவுதான். எனக்கு அது தெரிந்திருந்தது. அன்றைக்குப் பார்த்துப் பெட்டி மக்கர் பண்ணக் கூடாதே என்று கவலை. முந்தின நாள் மத்தியானம், யாரும் இல்லாதபோது மூடியைக் கழற்றினேன். மூன்று கார்டையும் உருவினேன். நல்ல வார்னிஷாக இரண்டு கை அடித்தேன். அடியில் தங்கப் பல் மாதிரி வரிசையாக இருக்கும், அதற்கு மூன்று கை. வெயிலில் காயவைத்துப் பழையபடி சொருகினேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிறு காலை. அபிராமத்திலிருந்து வேனில் பதினோரு பேர். பையனின் அம்மா கமுதியிலிருந்து தனியாக வந்து, முன்கடையில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேசரி கிண்டியாயிற்று. முனீஸ்வரி பெட்டியைப் போட்டாள். ஃபிளாப்பி கத்தியது, அடங்கியது. லைன் கடைக்கும் வரவில்லை, அறைக்கும் வரவில்லை. அணைத்துப் போட்டாள். வரவில்லை.

ராக்கம்மா நேரம் பார்த்தாள். பையன் காத்திருப்பான். "அந்தப் பொட்டியக் கழட்டி எறி. லைனை நேரா இங்கன சொருகு, ரூமுக்கு மாத்திக்கிட்டிருக்க நேரமில்ல. எல்லார் முன்னாடியும் பேசு, என்ன குடிமுழுகிப் போகுது?" என்றாள். கூட்டத்திலும் அதுதான் சரி என்றார்கள். முனீஸ்வரி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினாள். வாடை வந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"மச்சான், என்னத்தப் பூசுனீக?"

"வார்னிஷ்."

"எதுக்கு?"

"உப்பு ஏறாம இருக்க."

"கரண்டும் ஏறாது மச்சான்."

எனக்குத் தெரியாததா? காயில் முனையை உரசிவிட்டுத்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அரை மணி நேரம் தாருங்கள், நான் சரி செய்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். சபையில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. மாமனார் உடனே கேசரியைப் பரிமாறச் சொல்லிவிட்டார். சாப்பிட்டு முடிக்கிற வரை யாரும் லைனைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

என் கடைக்குப் போய், வார்னிஷைக் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். பிறகு முனீஸ்வரி ஒரு ரப்பரைக் கொடுத்தாள், பென்சில் அழிக்கிற ரப்பர். அதை வைத்துத் தேய்த்தேன். மூன்று கார்டு. கேசரி இரண்டாம் தடவை சுற்றி வந்தது. சொருகினோம். ஃபிளாப்பி கத்தி அடங்கியது. கார்டுகளின் பின்னால் பச்சை விளக்குகள் மினுங்கின.

முன்கடைத் திரையில் பையன் வந்தான். நல்ல பையன், அமைதியான முகம். பிடித்திருக்கிறதா என்று அவன் அம்மா கேட்டார். பிடித்திருக்கிறது என்று தலையாட்டினான். எல்லோருக்கும் சந்தோஷம். முனீஸ்வரி கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் பெட்டி பக்கத்திலேயே நின்றேன். யாரும் கால் இடறி வயரைப் பிடுங்கிவிடக் கூடாது.

இருபது நிமிடம் இருக்கும். வெளியே வந்தாள்.

"எனக்கு வேணாம்."

அதற்கு மேல் நடந்ததை நீங்களே நினைத்துக்கொள்ளலாம். பையனின் அம்மா காபியைத் தொடாமல் எழுந்து போனார். மாமனார் வேனில் ஏறும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார், எதற்கென்று இன்றும் தெரியாது. ராக்கம்மா தங்கையோடு பத்து நாள் பேசவில்லை. என்னோடு பன்னிரண்டு நாள். பெட்டியைச் சரி செய்தது நான்தானே.

நான் எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒருநாள் முனீஸ்வரி எனக்கு டீ கொண்டுவந்தாள். ஐஸ் கம்பெனி மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். பையன் முதலில் கேட்டது, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று. இல்லை, கதவைச் சாத்தியிருக்கிறேன் என்றிருக்கிறாள். அப்புறம்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அங்கே ஒரு பெண். நாலு வருடப் பழக்கம். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கும்பிட்டானாம்.

"முன்கடையில புடிச்சிருக்குன்னானே" என்றேன்.

"முன்கடையில வேறென்ன சொல்லுவாரு மச்சான்?"

பழியை நீ ஏன் ஏற்க வேண்டும், உள்ளதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். டீ கிளாஸை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"அவுக அம்மா உக்காந்திருந்தாகளே."

அடுத்த வருடம் அவளுக்குப் பரமக்குடியில் கல்யாணம் ஆனது. வாத்தியார். பார்த்துப் பேசி, பிடித்துச் செய்துகொண்டாள். பிறகு போன் ஆபீஸிலேயே லைனைப் பிரிக்க ஆன்டெனா வைத்த சின்னப் பெட்டி கொடுத்தார்கள். பழைய பெட்டி பாம்பனுக்கு எடைக்குப் போயிற்று, ஒரு கார்டை மட்டும் உருவிப் பரணில் போட்டிருந்தேன். ராக்கம்மாவுக்கு நடந்தது இன்றுவரை தெரியாது. டிவியில் சிங்கப்பூரைக் காட்டினால், போயிருக்க வேண்டியவள் என்பாள். நான் சோற்றைப் பார்த்துக்கொள்வேன். பையனின் அம்மா காலமாகிவிட்டார் என்று கேள்வி. இனிச் சொல்லலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

டிக்கெட் கடை இல்லை. அவரவர் போனில் போட்டுக்கொள்கிறார்கள். பெண் பார்க்க வேனும் வருவதில்லை. பிள்ளைகளே பேசி முடித்துவிட்டு நமக்குத் தகவல் சொல்கிறார்கள். நல்லதுதான். இப்போது எங்கள் வீட்டில் ஐந்து போன். காதில் மாட்டிக்கொண்டு நடு வீட்டில் நடந்தபடியே பேசுகிறார்கள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. நான்தான் இருக்கிறேன்.