உச்சி வேளையில் அடித்த மணி

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு சுகுமாறன் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். கழற்றி அரை மணி நேரம் ஆகிறதாம். தொட்டுப் பார்த்தேன்... இன்னும் சூடு ஆறவில்லை.

இங்கே புக்கிட் ரம்பாயில் புதிதாக வீடு வாங்கி, வாசலுக்குப் புது காலிங் பெல் போட்டிருக்கிறார். பெல்லுக்கு எத்தனை வோல்ட் என்று பார்த்து அதே வோல்ட்டில் டிரான்ஸ்பார்மர் வாங்கிவிட்டார். எத்தனை ஆம்பியர் என்று பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்?

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள் என்றேன். பெல் கேட்கும் பலம் அதுதான். டிரான்ஸ்பார்மர் அதைவிடக் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முனகும், சுடும், ஒருநாள் புகையும்.

சுகுமாறன் தலையாட்டினார். போகும்போது கேட்டார்: "அண்ணே, இது கெட்டுப்போனா மணி தானா அடிக்குமா?"

அடிக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். அதே கேள்வியை என்னிடம் முன்பு ஒருவர் கேட்டிருக்கிறார். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். மலாக்கா டவுனில் ஓர் எலெக்ட்ரிக் கடையில் வயர்மேன் வேலை பார்த்தேன். மஸ்ஜித் தானா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு காவல். காலையில் பால் வெட்டப் போகிறவர்களைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் ஜெயில்தான். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போகக் கூடாது... அதற்காகத்தான் அத்தனை கம்பியும்.

அந்தத் தோட்டத்தில் காவலுக்கு நின்ற காத்தமுத்து என்பவரை ஒருநாள் மத்தியானம் சுட்டுவிட்டார்கள். வேலி ஓரமாகச் சுற்றி வந்தபோது காட்டுக்குள்ளிருந்து வந்தது குண்டு. லயத்தில் இருந்தவர்கள் சத்தத்தைக் கேட்டும் அசையவில்லை. வெயிலில் ரப்பர் கொட்டை வெடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். கூப்பிட வழியில்லாமல் வெகு நேரம் கிடந்துதான் அவர் உயிர் போயிருக்கிறது.

அதன் பிறகுதான் மணி போட முடிவு செய்தார்கள். கேட்டில் ஒரு பட்டன், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியார் வீட்டுக் கூடத்தில் மணி. கேட்டுக்கும் வீட்டுக்கும் முந்நூறு கஜம். அவ்வளவு தூரம் வயர் ஓடினால் வழியிலேயே வோல்ட் இறங்கிவிடும். எட்டு வோல்ட் மணிக்கு எட்டு வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைத்தால் மணி நடுங்குமே தவிர அடிக்காது. அதனால் பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்றை எடுத்துக் கிராணியார் கூடத்தில் மாட்டினேன். முந்நூறு கஜமும் வயரை வேலிக் கம்பங்களிலேயே ஆணி அடித்துக் கொண்டுபோனேன். பட்டனை அழுத்தினால் கிராணியார் வீட்டில் எட்டு வோல்ட் வந்தது. அளவாக அடித்தது. எனக்குப் பெருமைதான்.

மூன்று வாரம் கழித்துக் கிராணியார் ஆள் அனுப்பினார்.

சிவசாமி கிராணியார் ஐம்பது வயதுக்காரர், யாருக்கும் பயப்படாத மனிதர் என்று பெயர். அன்றைக்கு அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி ஆனால் மணி அடிக்கிறதாம். தினமும்! கேட்டுக் காவலாளி பட்டனைத் தொடவே இல்லை என்று சாமிமேல் சத்தியம் செய்கிறார். மணி அடித்தால் ஆர்மிக்குப் போன் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. இரண்டு முறை செய்திருக்கிறார். இரண்டு முறையும் லோரி நிறைய சிப்பாய்கள் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திட்டிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் போன் செய்வதையே நிறுத்திவிட்டார்.

லயத்து ஜனங்களுக்கு அடிப்பது யார் என்பதில் சந்தேகமே இல்லை. சாகும்போது காத்தமுத்துவுக்கு மணி இல்லை. இப்போது மணி இருக்கிறது. அவர் செத்ததும் இதே உச்சி வேளையில்தான்.

"டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போனா மணி தானா அடிக்குமா தம்பி?" கிராணியார் கேட்டார். ஆமாம் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்றிருந்தது அவர் குரல்.

தொட்டுப் பார்த்தேன். லேசான சூடு, லேசான ரீங்காரம். மீட்டர் வைத்தால் சரியான வோல்ட். டிரான்ஸ்பார்மர் கெட்டால் மணி செத்துப்போகும். தானாக அடிக்காது. யாரோ எங்கோ இரண்டு வயரையும் சேர்க்க வேண்டும்.

அப்போது அவர் இன்னொன்று சொன்னார். கேட்டில் அழுத்தினால் வருகிற சத்தம் இல்லையாம் இது. இன்னும் கணீரென்று அடிக்கிறதாம்.

அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். சத்தம் கூடினால் வயரில் போகிற தூரம் குறைவு. அடிப்பவர் கேட்டில் இல்லை... வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"நாளைக்கு ஆர்மி வருது தம்பி. மானேஜர் துரையே பேசிட்டாரு. மணி அடிச்சா வேலி ஓரத்துல எது அசைஞ்சாலும் சுடுறதாம்."

அப்போது மணி பதினொன்றரை. மீட்டரை மணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். பாக்டரி இஞ்சின் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை, ஒரு பிள்ளையும் அழவில்லை. வெயிலில் ரப்பர் கொட்டை மட்டும் எங்கோ வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் கிராணியார் தூக்கிப்போட்டார்.

பன்னிரண்டு அடித்துச் சில நிமிடம்தான்.

மணி அடித்தது.

மீட்டர் முள் எட்டில் நிற்கவில்லை. ஏறி, பதினொன்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். கேட்டிலிருந்து அடித்தால் நாலு வோல்ட் குறையும், இப்போது ஒன்றுதான் குறைந்திருக்கிறது. கேட்டுத் தூரத்தில் நாலில் ஒரு பங்கு. எழுபத்தைந்து கஜம். கிராணியார் என் கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டு வேலி ஓரமாக நடந்தேன். எண்ணி எண்ணி அடி வைத்தேன்.

எழுபத்தைந்தாவது கஜத்தில் ஸ்டோருக்குப் பின்னால் வேலி திரும்பும் மூலை. காத்தமுத்து விழுந்த இடம் அதுதான்.

அங்கே வெள்ளையாக ஒன்று கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஓடவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. அது மெல்லத் திரும்பியது. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி... காத்தமுத்துவின் மனைவி பச்சையம்மா. முப்பது வயதுகூட இருக்காது.

கம்பத்தில் தோளை அழுத்தி, முள்கம்பிக்கு நடுவே கையை நுழைத்து, வேலிக்கு வெளியே எதையோ வைத்துக்கொண்டிருந்தார். தினமும் தோள் உரசி வயரின் உறை தேய்ந்துபோயிருந்தது. அவர் பாரம் விழும்போதெல்லாம் இரண்டு வயரும் முட்டியிருக்கின்றன. மணி அடிக்கிற விஷயம் அவருக்குத் தெரியும். ஆனால் அதைத் தாம்தான் அடிக்கிறோம் என்று தெரியாது. மற்றவர்கள் நினைத்ததைத்தான் அவரும் நினைத்திருந்தார். அவருக்கு அதில் பயமில்லை, அவ்வளவுதான்.

வெளியே ஒரு வாழை இலை. அதில் சோறு... அவருடைய மத்தியானச் சோறு.

மெதுவாகப் பேசினேன். அக்கா, ஆர்மிக்காரன் பார்த்தால் காட்டுக்குச் சோறு போடுகிறீர்கள் என்றுதான் சொல்வான், காக்கையும் நாயும் தின்கிற சோற்றுக்கு உயிரை விடாதீர்கள் என்றேன்.

பச்சையம்மா நேற்றைய இலையைக் காட்டினார். புது இலைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. பாதியாக மடித்திருந்தது. சாப்பிட்டு எழுந்தவர் மரியாதையாக மடிப்பதைப் போல!

"அவருதான் தம்பி. உறவு விட்டுப்போகக் கூடாதுன்னு நம்ம பக்கமா மடிச்சிருக்காரு பாருங்க."

காக்கை இலையை மடிக்குமா? நாய் மடிக்குமா?

நான் வேலிக்கு வெளியே பார்க்கவில்லை. நாளைக்கு இங்கே சுடுவார்கள், வரவே வராதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் புது இலையைப் பார்த்தார்.

"அப்ப அவரு பசியோட வந்து நிப்பாரே?"

லயத்துக்குப் போங்கள் என்று கை காட்டினேன்.

அணில் கடித்துவிட்டது என்று கிராணியாரிடம் சொன்னேன். அன்றே வயரை இரும்புக் குழாய்க்குள் போட்டு மாற்றினேன். சொன்னபடியே மறுநாள் ஆர்மி வந்தது. மணியைச் சோதிக்கிற சாக்கில் நானும் கிராணியார் வீட்டிலேயே இருந்துவிட்டேன். பச்சையம்மாவை நம்ப முடியவில்லை. ஆகவே கிராணியார் மனைவியிடம் காரணம் சொல்லாமல், பச்சையம்மாவை மிளகாய் இடிக்கக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் என் கண் முன்னால்தான் இருந்தார். பன்னிரண்டு மணிக்கு உலக்கை நின்றது. ஒரு நிமிடம் வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு இடிக்க ஆரம்பித்தார்.

மணி அடிக்கவில்லை. லாலான் புல்லில் படுத்திருந்த சிப்பாய்கள் நாலு மணிக்கு லோரி ஏறிப் போனார்கள். கிராணியார் என் முதுகில் தட்டி, எல்லாம் உன் குழாயால்தான் என்றார்.

புறப்படுவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் குழாயைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மூலைக்குப் போனேன்.

வேலிக்கு வெளியே, அதே இடத்தில், ஓர் இலை விரித்திருந்தது. அப்போதுதான் அறுத்த இலை. காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் ஒரு கல். பரிமாறுவதற்கு முன் தெளிப்போமே, அந்த மாதிரி தண்ணீர் தெளித்திருந்தது.

தண்ணீர் இன்னும் காயவில்லை.

நான் நிமிர்ந்து மரங்களைப் பார்க்கவில்லை. சுத்தியலைப் பையில் போட்டேன். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே கேட்டுவரை நடந்தேன். யாரோ பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பது போலிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பச்சையம்மா தப்பியிருக்க முடியாது. புருஷனைக் கொன்றவர்களுக்கே சோறு போட்டாள் என்று கேஸ் எழுதியிருப்பார்கள். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். சொல்லாததால் வேறு யாருக்காவது ஆபத்து வருமோ என்று பல மாதம் தூக்கம் கெட்டது. நல்ல வேளை, அந்தத் தோட்டத்தில் அதற்குப் பிறகு குண்டு வெடிக்கவில்லை. அடுத்த மாதம் பச்சையம்மாவும் தம்பி வீட்டோடு டவுனுக்குப் போய்விட்டார்.

வாசகர்களே, டிரான்ஸ்பார்மரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக் கேளுங்கள், பதில் போடுகிறேன் — அந்த இலையை விரித்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.